விளிம்பில் ஒட்டிய பட்டி: நம் ஊர் மரச்சாமான்களின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

என் பழைய மாணவன் ஒருவன் மார்த்தாண்டம் பக்கம் மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறான். போன மாதம் 'எட்ஜ் பேண்டிங்' இயந்திரம் ஒன்று வாங்கி, அது ஓடுவதைப் படம்பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான். பலகை ஒரு பக்கம் நுழைகிறது. மறுபக்கம் வெளியே வரும்போது அதன் விளிம்பில் பட்டி ஒட்டி, மிச்சம் வெட்டி, மழுமழுவென்று வருகிறது. கீழே ஒரு வரி: "எல்லாத்துக்கும் ஒரு வரலாறு சொல்லுவீங்களே டீச்சர், இதுக்கு உண்டா?"

உண்டு மக்களே. அதுவும் நம் அருமனை ரோடு வழியாகவே போகிற வரலாறு. நான் வரலாற்றில் பட்டம் வாங்கியவள் அல்ல, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். ஆனால் அந்தப் பயிற்சியில் கைத்தொழில் என்று ஒரு பாடம் இருந்தது. அட்டை வேலை, புத்தகம் கட்டுதல் எல்லாம் செய்ய வேண்டும். அட்டையின் மூலைக்கும் முதுகுக்கும் காலிக்கோ துணி ஒட்டாமல் கொண்டுபோனால் மதிப்பெண் பாதியாகிவிடும். "எந்தப் பொருளும் ஓரத்தில்தான் முதலில் கெடும்" என்று எங்கள் கைத்தொழில் ஆசிரியை சொல்வார். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கும் இது நினைவிருக்கும்.

நம் பாட்டிமாருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சுளவின் வாயைச் சுற்றி மூங்கில் பட்டை வைத்து நாரால் கட்டியிருப்பார்கள். பனையோலைக் கடவத்துக்கும் விளிம்பில் நார் பொத்தியிருக்கும். அந்தக் கட்டு விட்டுப்போனால் ஒரு வாரத்தில் பெட்டி பிரிந்துவிடும். பின்னிய பொருளுக்கும் ஒட்டிய பொருளுக்கும் விளிம்புதான் பலவீனம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இப்போது ஒரு கேள்வி. நம் தாத்தா காலத்துக் கட்டிலுக்கும் பத்தாயத்துக்கும் விளிம்பில் யாராவது பட்டி ஒட்டினார்களா? இல்லை. ஏன்?

அது முழு மரம். ஒரு பலகையை எங்கே வெட்டினாலும் உள்ளே இருப்பதும் அதே மரம்தான். இழைப்புளி போட்டால் விளிம்பும் முகத்தைப் போலவே பளபளக்கும். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முழு மரத்துக்கு வேறொரு குணம் உண்டு. மழைக்காலத்தில் அகலவாட்டில் பெருக்கும், வெயிலில் சுருங்கும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அகலமான பலகையை நான்கு பக்கமும் ஆணி அடித்து இறுக்கினால் அது பிளந்துதான் ஆறும். அதனால் ஆசாரிமார் சட்டம் செய்து, சட்டத்தின் உள்பக்கம் காடி வெட்டி, பலகையை அந்தக் காடிக்குள் சும்மா நிற்கும்படி செருகினார்கள். பசை கிடையாது. பலகை உள்ளே தன் இஷ்டத்துக்குப் பெருக்கலாம், சுருங்கலாம். சட்டங்கள் சேரும் இடத்தில் கழுந்தும் துளையும், அதற்கு ஒரு மர ஆணி. பலகையின் விளிம்பு கண்ணுக்கே தெரியாது, காடிக்குள் ஒளிந்திருக்கும். பழைய கதவைப் போய்ப் பாருங்கள், புரியும். விளிம்பை மூடும் கலையை அவர்கள் பசை இல்லாமலே செய்திருக்கிறார்கள்.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு உங்களைச் சுற்றுலா கூட்டிப் போனபோது பலரும் ராஜா கட்டிலையும் முட்டை வெள்ளை சேர்த்த கருப்புத் தரையையும்தான் பார்த்தீர்கள். அடுத்த முறை போனால் முகப்பு மண்டபத்து மச்சைப் பாருங்கள். தேக்கில் 90 வகைப் பூ வேலைப்பாடு. தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பிலா மரத்தில் செதுக்கிய தூண் நிற்கிறது. (பலா என்று பாடப்புத்தகம் சொல்லும், நமக்கு அது பிலாதான்.) 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கேதான் இருந்தது. அத்தனை நல்ல மரவேலை ஓரிடத்தில் குவிந்ததற்கு அது ஒரு காரணம்.

ஆனால் அரண்மனைத் தேக்கைப் பார்த்துவிட்டு நம் முன்னோர் எல்லாரும் தேக்குக் கட்டிலில் படுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி ஆகியவை ராஜ மரங்கள். உங்கள் புரையிடத்திலேயே முளைத்து வளர்ந்தாலும் தேக்கு அரசாங்கத்துக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. சாதாரண வீட்டுக்கு மிஞ்சியது அயினி, பிலா, பூவரசு, மா, புன்னை, பனை, தென்னை. இவற்றில் அயினிதான் நம் விளவங்கோட்டுப் பக்கத்தின் உண்மையான மரம் என்பது என் அபிப்பிராயம். வைரம் ஏறிய அயினிக்குச் சிதல் அவ்வளவு லேசில் வராது. தடியை வெட்டிக் குளத்தில் ஊறப் போடுவார்கள். எடுத்து, நிழலில் அடுக்கி, ஒரு வருடமாவது காய விடுவார்கள். பெண் பிறந்தால் ஒரு மரம் வைப்பதும், அவள் கல்யாணத்துக்கு அதை வெட்டிக் கட்டிலும் அலமாரியும் செய்வதும் பல வீடுகளில் நடந்ததுதான். அடுக்களை காணலுக்குப் போகும் வண்டியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பதும் அந்த அலமாரியைத்தான். (நல்ல வழக்கம் என்று சொல்லவில்லை. அந்த அலமாரிக்காகக் கடன்பட்ட வீடுகள் எனக்குத் தெரியும்.)

சரி, பட்டி எங்கே வந்தது?

மரத்தை மெல்லிய தகடாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டும் யோசனை மிகப் பழையது. எகிப்தில் சக்காரா என்ற இடத்தில், ஜோசர் மன்னனின் படிப் பிரமிடுக்குள், ஆறு அடுக்கு மரத்தகடு சேர்த்துச் செய்த சவப்பெட்டி கிடைத்திருக்கிறது. நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே நல்ல மரம் அரிது. இருப்பதைச் சீவிச் சீவி நீட்டித்திருக்கிறார்கள். மரம் குறைகிற இடத்தில் ஒட்டுப்பலகை பிறக்கும். இந்த விஷயம் நம் ஊர் வரை வரும், பாருங்கள்.

நம் வீடுகளுக்குள் ஒட்டுப்பலகை முதன்முதலில் வந்தது அலமாரியாக அல்ல, தேயிலைப் பெட்டியாக. என் வயதுக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கும் மூணாறு, பீருமேடு பக்கத்துக்கும் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த சதுரப் பெட்டி. அது நெல் போட, துணி போட, கடைசியில் கோழி அடைக்க என்று மூன்று பிறவி எடுக்கும்.

அந்தப் பெட்டிக்குப் பெரிய பூர்வீகம் உண்டு. எஸ்தோனியாவில் ரேவல் என்ற துறைமுக நகரம். இன்றைக்குத் தாலின் என்கிறார்கள். அங்கே லூதர் குடும்பத்தின் ஆலையில் மரத்தைச் சீவி ஒட்டி ஒட்டுப்பலகை செய்தார்கள். லண்டனில் 1897இல் தொடங்கிய வெனஸ்டா என்ற கம்பெனி அதைப் பெட்டியாக விற்றது. இலங்கைத் தேயிலையும் பிறகு ரப்பரும் இப்படிப்பட்ட பெட்டிகளில் கப்பலேறின. இந்தியாவில் அஸ்ஸாமில் ஒட்டுப்பலகைத் தொழில் வளர்ந்ததும் தேயிலைப் பெட்டியை நம்பித்தான்.

இப்போது அந்தப் பெட்டியின் ஓரத்தை நினைத்துப் பாருங்கள். எல்லா விளிம்பிலும் மெல்லிய தகரப் பட்டி மடித்து, சின்ன ஆணியால் அடித்திருக்கும். சின்ன வயதில் அது நம் விரலைக் கிழிக்காத நாள் உண்டா? ஒட்டுப்பலகையின் முகம் உறுதியானது. அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்படுவதால் முழு மரம்போல் பெருக்கவோ பிளக்கவோ செய்யாது. ஆனால் விளிம்பு புத்தகத்தின் ஓரம்போல. தாள்தாளாகப் பிரியும், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். அதற்குத்தான் தகரம். நம் ஊர் பார்த்த முதல் எட்ஜ் பேண்டிங் அந்தத் தகரப் பட்டிதான் என்று நான் சொல்வேன். மறுக்க விரும்புகிறவர்கள் கீழே எழுதலாம்.

இந்த இடத்தில் ரப்பரைச் சொல்லாமல் போக முடியாது. 1876இல் பிரேசிலிலிருந்து விக்காம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அதே வருடம் இலங்கைக்கு வந்தன. திருவிதாங்கூரில் 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வணிக ரீதியாக நட்டார்கள். பிறகு நம் மலையடிவாரத்துக்கும் வந்தது. குலசேகரம், களியல், அருமனை என்று ஏறியும் இறங்கியும் பரவியது. அயினியும் பிலாவும் மாவும் நின்ற புரையிடங்கள் வரிசை வரிசையான ரப்பராக மாறின. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபின் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களில் பலருக்கு அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள். 1984இல் அது அரசு ரப்பர் கழகமாயிற்று. அவர்களில் சிலர் தகரப் பெட்டியும் தேயிலைப் பெட்டியுமாக வந்து இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் பிறகு என் வகுப்பில் படித்தார்கள்.

ரப்பர் பால் தந்தது, பள்ளிக்கூடக் கட்டணம் தந்தது, வீடு தந்தது. அதைக் குறை சொல்லும் ஆள் நான் இல்லை. ஆனால் மரச்சாமானுக்குத் தடி தரவில்லை. நட்டு ஏழு வருடத்தில் பால் வெட்டத் தொடங்கி, மொத்தம் முப்பது வருடம்போல் ஆனதும் மரத்தை வெட்டி மறுநடவு செய்வோம். வெட்டிய தடி வெள்ளை, மாவுச்சத்து நிறைந்தது. சில நாளில் பூஞ்சை பிடித்துக் கறுக்கும், வண்டு துளைக்கும். அதனால் வெகுகாலம் அது விறகுதான். செங்கல் சூளைக்குப் போகும்.

இரண்டு விஷயங்கள் இதை மாற்றின. ஒன்று, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் தடிக்குள் ஏற்றினால் வண்டு வராது என்ற முறை. மலேசியா 1980களில் இதைக்கொண்டு ரப்பர் மரச்சாமானைப் பெரிய ஏற்றுமதித் தொழிலாக்கியது. இரண்டாவது, ஒரு வழக்கு. கூடலூர்க் காடுகள் அழிவதைப் பார்த்த கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நிலம்பூர்க் கோவிலகத்துக்காரர். 1996 டிசம்பர் 12ஆம் தேதி வந்த உத்தரவு நீலகிரியோடு நிற்கவில்லை, நாடு முழுவதும் காட்டுமரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து தடி வெளியே போவதற்குத் தடை வந்தது. அங்கே ஒட்டுப்பலகை ஆலைகள் மூடின. காட்டில் கிடைக்காத தடிக்குத் தோட்டத்து ரப்பர் மாற்றாயிற்று. எர்ணாகுளம் மாவட்டத்துப் பெரும்பாவூரில் ஒட்டுப்பலகை ஆலைகள் பெருகின. வேலையிழந்த அஸ்ஸாம் தொழிலாளிகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். தேயிலைப் பெட்டி செய்த ஊர்க்காரர்கள் ரப்பர் மரத்தைச் சீவத் தென்கோடிக்கு வந்த கதை இது. இதைப் பாடப்புத்தகத்தில் போட்டால் பிள்ளைகளுக்கு இந்திய வரைபடம் மறக்காது.

நம் ரோட்டில் ராத்திரி லாரிகளில் ரப்பர் தடி வடக்கே போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ரோட்டில் பகலில் எட்டுக்கு நாலு அடி ஒட்டுப்பலகை இறங்கி வருகிறது. போகும்போது பெயர் தடி, வரும்போது பெயர் 'பிளை'.

இனி ஆசாரிமார் கதைக்கு வருகிறேன். எழுத உட்காரும்போதே எனக்கு மனதில் இருந்தது இதுதான்.

1959இல் பல்வந்த் பாரேக் என்ற குஜராத்திக்காரர் பெவிக்கால் கொண்டுவந்தார். அதற்குமுன் ஆசாரிமார் பயன்படுத்தியது வச்சிரம். மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசை. கட்டியை ஊறவைத்து, சட்டியில் சூடாக்கி, நாற்றத்தைச் சகித்து, ஆறும்முன் தடவ வேண்டும். மழைக்காலத்தில் அது இளகிப் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் பசை வந்ததும் அந்தச் சட்டி போயிற்று. பிறகு சன்மைக்கா வந்தது. அது ஒரு கம்பெனியின் பெயர், நாம் அதைப் பொருளின் பெயராகவே ஆக்கிவிட்டோம். ஒட்டுப்பலகை, சன்மைக்கா, பெவிக்கால். 1980களிலும் 90களிலும் நம் ஊர் அலமாரி, டிவி மேசை, அடுக்களைத் தட்டு எல்லாம் இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

இந்த நேரத்தில் ஆசாரிமார் செய்ததை யாரும் பெரிதாகப் பேசியதில்லை. கழுந்தும் துளையும் தெரிந்த கைக்கு ஒட்டுப்பலகையில் வேலையே இல்லை. அறுத்து, ஆணி அடித்தால் போதும். ஆனால் விளிம்பு அசிங்கமாகத் தெரியும். அங்கே அவர்கள் தங்கள் பழைய வித்தையைக் கொண்டுபோய் வைத்தார்கள். தேக்கில் சன்னமாக ஒரு பட்டி இழைப்பார்கள். பீடிங் என்பார்கள், சிலர் ரீப்பர் என்பார்கள். பலகையின் விளிம்பை இழைப்புளியால் நேராக்கி, பசை தடவி, பட்டியை வைத்து, தலை நசுக்கிய சின்ன ஆணி அடிப்பார்கள். மூலையில் இரண்டு பட்டியும் சேரும் இடத்தை 45 பாகையில் வெட்டுவார்கள். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, மயிரிழை விலகினாலும் கழற்றித் திரும்ப வெட்டுவார்கள். ஆணிக்குழியில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, அரக்கு பாலிஷ் போட்டால் முழுப் பலகையும் தேக்கு என்றுதான் வீட்டுக்காரர் சொல்லிக்கொள்வார்.

எங்கள் வீட்டு அலமாரியை அப்படிச் செய்த மூத்தாசாரி நான்கு கதவுக்கும் பட்டி ஒட்ட மூன்று நாள் எடுத்துக்கொண்டார். "தாமசமாகுதே" என்று கேட்டதற்கு, "மற்றதெல்லாம் கம்பெனி செஞ்சது டீச்சரே, நான் செய்யிறது இந்த ஓரம் மட்டும்தான்" என்றார். அதில் வருத்தம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் பட்டி முப்பது வருடமாக நிற்கிறது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் வளைகுடாவுக்குப் போனார்கள். பேரன் பொறியியல்.

அடுத்து அந்த ஓரமும் கைவிட்டுப் போன கதை.

ஜெர்மனியில் மாக்ஸ் ஹிம்மல்ஹெபர் என்ற பொறியாளர் இருந்தார். ஒரு மரத்தை அறுத்து மேசை ஆக்குவதற்குள் பெரும்பகுதி தூளும் சிராயுமாகப் போகிறதே, அதையே பசை சேர்த்து அழுத்திப் பலகை ஆக்கினால் என்ன என்று யோசித்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், பிரேமன் நகரில் அதற்கு ஆலை வந்தது. அதுதான் பார்ட்டிக்கிள் போர்டு. நம் கடைகளில் வெகுநாள் 'நோவோபான்' என்று ஒரு கம்பெனிப் பெயரால் அழைத்தோம். போர் முடிந்து குண்டு விழுந்த ஊர்களைத் திரும்பக் கட்டும்போது மலிவான மேசை, அலமாரி அவசரமாகத் தேவைப்பட்டன. எகிப்தின் கதைதான் மறுபடியும். மரம் குறைந்தது, பசை கூடியது.

இந்தப் பலகையின் விளிம்பு ஒட்டுப்பலகையைவிட மோசம். உடைத்த புண்ணாக்குக் கட்டிபோல இருக்கும். ஆணி பிடிக்காது. தண்ணீர் பட்டால் உறிஞ்சி ஊதும், ஊதினால் திரும்பச் சுருங்காது. ஆகவே விளிம்பு மூடுவது அழகுக்கு என்ற நிலை போய், மூடாவிட்டால் பொருளே இல்லை என்றாயிற்று. ஆனால் மலிவான பலகைக்கு மூன்று நாள் உட்கார்ந்து பட்டி இழைக்க யாரால் முடியும்?

இதற்கு விடை சூட்டில் உருகும் பசை. இ.வி.ஏ. என்கிறார்கள். 200 பாகைக்குப் பக்கம் சூடாக்கினால் தேன்போல் ஓடும், ஆறினால் சில நொடியில் இறுகும். வச்சிரத்துக்கு ஒரு ராத்திரி இறுக்கிவைக்க வேண்டும், பெவிக்காலுக்குச் சில மணி நேரம், இதற்கு ஒரு மூச்சு. அதனால்தான் பலகை நிற்காமல் ஓட, ஓட, ஒட்ட முடிகிறது. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் 1960இல் இரண்டு பேர் தொடங்கிய ஹோமாக் போன்ற கம்பெனிகள் அந்தப் பத்தாண்டிலேயே இதற்கான இயந்திரங்களைக் கொண்டுவந்தன. ஒரு உருளை பசை தடவும், அடுத்தது பட்டியை அழுத்தும், ஒரு வாள் முன்னும் பின்னும் நறுக்கும், இரண்டு கத்தி மேலும் கீழும் சீவும், கடைசியில் தேய்த்து மெருகேற்றும். 18 மில்லிமீட்டர் பலகைக்கு 22 மில்லிமீட்டர் அகலப் பட்டி, சீவிய மிச்சம் தரையில் சுருள் சுருளாக விழும். ஆசாரியின் இழைப்புளி, வாள், உப்புத்தாள் மூன்றும் வரிசையாக அந்த இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன. என் மாணவன் அனுப்பிய படத்தில் எனக்குத் தெரிந்தது அதுதான்.

பட்டி பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். 0.8 மில்லிமீட்டர் கனத்திலும் கிடைக்கும், 2 மில்லிமீட்டரிலும் கிடைக்கும். இயந்திரம் இல்லாத இடத்தில் கையால் ரப்பர் பசை தடவி ஒட்டுவார்கள். அந்த 'ரப்பர்' நம் மரத்துப் பால் என்று சந்தோஷப்பட வேண்டாம், பெரும்பாலும் ஆலையில் செய்த செயற்கை ரப்பர்.

இதில் நாம் என்ன கவனிக்க வேண்டும்? என் சொந்த அடுக்களையிலிருந்தே சொல்கிறேன். சில வருடம் முன்பு ஒரு கடையில் சொல்லி மாடுலர் அடுக்களை போட்டோம். கடைப் பெயர் வேண்டாம். முகமெல்லாம் கண்ணாடிபோல இருந்தது. இரண்டாவது இடவப்பாதி மழை முடிவதற்குள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த பெட்டி உப்பி, கதவு மூடாமல் போயிற்று. கழற்றிப் பார்த்தபோது முன்விளிம்பில் நல்ல 2 மில்லிமீட்டர் பட்டி. அடிவிளிம்பிலும் பின்விளிம்பிலும் ஒன்றுமே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற ஓரத்துக்கு மட்டும் பட்டி, தண்ணீர் நிற்கிற ஓரம் திறந்து கிடக்கிறது. பழைய ஆசாரி காடிக்குள் ஒளித்து வைத்தது விளிம்பைக் காப்பாற்ற. இவர்கள் ஒளித்தது செய்யாத வேலையை. எனக்குக் கோபம் வந்தது பணத்துக்காக மட்டும் இல்லை.

இன்னொன்று உடம்பு சம்பந்தப்பட்டது. இந்தப் பலகைகளைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் யூரியா பார்மால்டிஹைடு பசை. அதிலிருந்து பார்மால்டிஹைடு ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், கண் எரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. முகத்தில் சன்மைக்கா ஒட்டியிருப்பதால் அந்த வழி அடைபடும். மூடாத விளிம்பு வழியாகத்தான் அதிகம் கசியும். புது அலமாரி திறந்ததும் வருகிற 'புதுவாசம்' அதுதான். குழந்தைகள் படுக்கிற அறையில் எல்லா விளிம்பும் மூடாத அலமாரி வைக்காதீர்கள், வாங்கியதும் சில நாள் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள்.

சாமான் வாங்கப் போகும் மாணவச் செல்வங்களே, கடையில் கதவின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். இழுப்பறையை வெளியே எடுத்து, பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அங்கே பட்டி இல்லை. அலமாரியின் கால்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள ஒட்டுப்பலகை கேளுங்கள், அது 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பிரியக் கூடாது என்பது விதி. ஐ.எஸ். 303 என்றால் பொது உபயோகத்துக்கு, உள்ளறைக்குப் போதும். எந்தப் பலகையானாலும் விளிம்பு மூடித்தான் ஆக வேண்டும். கேஸ் அடுப்பை ஒட்டிய ஓரத்தில் இ.வி.ஏ. பசை சூட்டில் இளகும், அங்கே பட்டி முதலில் விடும். அந்த இடத்துக்கு மட்டுமாவது தேக்குப் பீடிங் அடித்துத் தரச் சொல்லுங்கள். அடிக்கத் தெரிந்த ஆட்கள் இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், கேட்கிறவர்கள்தான் குறைவு.

பட்டறை வைத்திருக்கும் என் மாணவனிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். ஆறு விளிம்பு இருந்தால் ஆறுக்கும் பட்டி, சுவரைப் பார்க்கிற பக்கத்துக்கும் சேர்த்து. "அப்ப விலை கூடுமே டீச்சர்" என்றான். கூடட்டும், பில்லில் அதைத் தனியாக எழுது, படித்தவர்கள் புரிந்துகொள்வார்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். யார் வீட்டுத் தட்டம்பலத்திலாவது, கோழிக்கூட்டிலாவது அந்தப் பழைய தேயிலைப் பெட்டி இன்னும் கிடந்தால், தகரப் பட்டி தெரியும்படி ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். பெட்டியின் மேல் எழுத்து ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். எந்தத் தோட்டம், எந்தத் துறைமுகம் என்று படித்துப் பார்க்கலாம். விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.